மாசி மாதம் முழுக்கச் சோர்வு

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் இருக்கிற இடத்தில் என் ஊரைச் சொல்லச் சொன்னாலே காது வரை சூடாகிவிடும். இப்படிப்பட்டவள் தன் கதையைத் தானே எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால்தான் எழுதுகிறேன். அதையும் ஒருமுறை வாயால் சொல்ல நேர்ந்தது. அந்தக் கதைதான் இது.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பதினேழு வயதில் அச்சுக் கோர்க்கச் சேர்ந்தேன். ஈய எழுத்துப் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. அதையும் கற்றுக்கொண்டேன். தட்டச்சு வேகமாக வந்தது, பிழை குறைவாக வந்தது. முப்பது வயதைத் தாண்டியபோது, பழைய கம்ப்யூட்டர் இரண்டை வாங்கி, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் சொந்தமாக டி.டி.பி. சென்டர் போட்டேன். இப்படிச் செய்வதற்கு இப்போது ஸ்டார்ட்அப் என்று பெயராம். என் மகள் சொல்கிறாள். "அம்மா, நீ ஃபவுண்டர்" என்கிறாள். அப்போது எங்கள் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்: "தனியா வந்துட்டா."

யாராவது வேலை பார்த்த கம்பெனியை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கினால் அப்படித்தான் சொல்வார்கள். "அவ தனியா வந்து மூணு வருசமாச்சு." "அவரு தனியா வந்துட்டாருல்ல." பெருமையாகத்தான் சொல்வார்கள். அந்தச் சொல்லில் வேறொரு அர்த்தமும் இருப்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

எங்கள் சென்டரின் முக்கிய வேலை காலண்டர். தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் இருக்கிறதே, அதன் தாள்களை வடிவமைத்துக் கொடுப்போம். தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், கீழே பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கொரு சொல்லாகப் பலன். ஒரு வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து தாள். ஆடிப் பதினெட்டு அன்று ஊரில் எல்லா அச்சகமும் அடுத்த வருஷத்துக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடும். அதற்குள் எங்கள் வேலை முடிந்திருக்க வேண்டும். அதாவது ஊரெல்லாம் சித்திரை வெயிலில் நடந்துகொண்டிருக்கும்போது நான் அடுத்த மார்கழியில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படியே நாலைந்து வருஷம் இருந்தால் தலை கொஞ்சம் கலங்கத்தான் செய்யும். ஒருமுறை மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"அம்மா, டீச்சர் கேக்காங்க, அடுத்த வருசம் வரப்போற காய்ச்சலுக்கு இப்பவே லீவு வேணுமான்னு."

பார்த்தால் தேதி எல்லாம் சரி, வருஷம் மட்டும் ஒன்று கூடுதல். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். பாங்க் படிவத்திலும் அப்படியே எழுதியிருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என்னுடன் வேலை பார்த்தது என் மதினி, அண்ணன் மனைவி. பிழை திருத்துவது அவர் வேலை. எங்கள் இருவருக்கும் ஒரே சொல்லில்தான் குறை. அவருக்கு யாரிடமும் "இல்லை" என்று சொல்லப் பிடிக்கும். எனக்குச் சொல்லவே வராது. ஆர்டர் கொண்டுவருகிறவர் என் மேசைக்குத்தான் வருவார். "ஒரு சின்ன வேலைதான் தாயி" என்பார். நான் கூச்சத்தில் தலையை ஆட்டிவிடுவேன். அவர் படி இறங்கிப் போனதும் மதினி ஆரம்பிப்பார்:

"ஒனக்குக் கழுத்துல ஸ்பிரிங் வச்சு விட்டிருக்காகளா? ஆட்டுத ஆட்டுல ஒரு நா கழண்டு விழப்போவுது."

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அப்படித் தலையாட்டியே எட்டுப் பேருடைய காலண்டர் வேலையை எடுத்துவிட்டேன். நாலு பேருடையதே எங்களுக்கு அதிகம். வைகாசி, ஆனி இரண்டு மாதமும் காலையில் உட்கார்ந்தால் முதுகு மரத்துப்போகிற வரை எழுந்திருக்க மாட்டேன். சாப்பாடு மேசையிலேயே. அப்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வேகம் இருந்தது. வேகத்துக்குக் கீழே வேறு ஒன்றும் இல்லை என்பதுதான் தெரியவில்லை.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிற அண்ணாச்சி. தன் கடை வாடிக்கையாளர்களுக்கு வருஷா வருஷம் காலண்டர் கொடுப்பார். அவருக்கு ஒரு பிடிவாதம். எல்லாருக்கும் போடுகிற பொதுவான ராசிபலன் வேண்டாம். சாத்தூர்ப் பக்கம் ஒரு சோசியர் இருக்கிறார், அவர் கணித்துத் தருகிற பலன்தான் வேண்டும். அதனால் அவருக்கு மட்டும் தனி செட். சோசியர் தமிழ் மாதத்துக்கு ஒரு நோட்டாக எழுதி அனுப்புவார். அந்த வருஷம் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன். எல்லா நோட்டும் வந்தது, மாசி மாத நோட்டு மட்டும் வரவில்லை. "நாளைக்கு அனுப்புதேன்" என்று மூன்று தடவை சொன்னார். ஆடி பிறந்துவிட்டது.

ஒரு மாதம்தானே என்று நானே போட்டுவிட்டேன்.

அதை இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது. ஆனால் அன்று எனக்கு அது பெரிய தப்பாகத் தோன்றவில்லை. வருஷக்கணக்காக அடித்த சொற்கள்தானே. லாபம், நன்மை, பரிவு, வெற்றி, செலவு, தடை, சோர்வு, ஓய்வு. கலைத்துப் போட்டால் போயிற்று. நல்லதும் கெட்டதுமாகக் கலந்துதான் போட்டேன் என்று சத்தியமாக நம்பினேன். மதினி பிழை பார்த்தார், கையெழுத்துப் போட்டார். தாள்கள் அச்சுக்குப் போயின.

ஆடிப் பதினெட்டு முடிந்தது. எல்லோரும் கொஞ்சம் மூச்சு விடுகிற நேரம் அது. எனக்கு மூச்சு விட வரவில்லை. இப்படிச் சொன்னால் பெரிதாக இருக்கிறது. நடந்தது ரொம்பச் சின்னதாகத்தான் நடந்தது. முதலில் தலைசீவ அலுப்பாக இருந்தது. பிறகு போன் அடித்தால் எடுக்க மனமில்லை. பிறகு ஒருநாள் சென்டர் படிக்கட்டில் ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். மொத்தம் பதினான்கு படி. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர், "யாரையும் எதிர்பாக்கீகளாக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அங்கேயும் இல்லை என்று சொல்ல வரவில்லை.

தீபாவளி சீசன் எப்படிப் போனது என்று ஞாபகம் இல்லை. என் வீட்டுக்காரர் தீப்பெட்டிக் கம்பெனியில் ஃபோர்மேன். காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும், ஏறிப் போவார். அவர் போனதும் நான் மறுபடி படுத்துக்கொள்வேன். சாக வேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை. மறுநாள் தாள் கிழிபடாமல் அப்படியே நின்றுவிட்டால் தேவலை என்று தோன்றியது. இதற்கும் அதற்கும் ரொம்பத் தூரம் இல்லை என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

கார்த்திகையில் சென்டரை முழுதாகப் பூட்டிவிட்டேன். கதவில் ஓர் அட்டை தொங்கவிட்டேன்: "கம்ப்யூட்டர் பழுது." எங்கள் ஊரில் மனுஷிக்கு முடியவில்லை என்றால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். மெஷினுக்கு முடியவில்லை என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மெஷினுக்கு வைத்தியம் சொல்லவும் ஊரில் ஆள் அதிகம் என்பதை மறந்துவிட்டேன். பத்து நாள் கழித்து மதினி விருதுநகரிலிருந்து ஒரு மெக்கானிக்கையே அழைத்துவந்துவிட்டார். சாவியை வாங்கிக்கொண்டு போய்த் திறந்து, இரண்டு கம்ப்யூட்டரையும் கழற்றிப் பூட்டிவிட்டு, அந்த மெக்கானிக் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்:

"அக்கா, மெசினு ரெண்டும் குத்துக்கல்லு மாதிரி இருக்கு. எதுல ரிப்பேருன்னு சொன்னா பாத்துருவேன்."

நான் கதவோரம் நின்று தரையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அந்த ஆளுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு வந்தார்.

"ஏ புள்ள, மெசினு நல்லாத்தான் இருக்காம்."

"ம்."

"அப்ப ரிப்பேரு எங்கன இருக்கு?"

நான் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்காக அன்று நன்றியாக இருந்தது. கேட்டிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. மறுநாள் அவர் என்னை எங்கள் தெரு டாக்டரிடம் அழைத்துப் போனார். ரத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்து எல்லாம் சரி என்றார்கள். அந்த டாக்டர் ஒரு சீட்டில் இன்னொரு டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்தார். விருதுநகரில் வாரம் இரண்டு நாள் வருகிறவர். எங்கள் பக்கம் அவர்களை "நரம்பு டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். நரம்பு டாக்டர் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சீட்டைத் துணி பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

இதற்கிடையில் என் பழைய முதலாளி சொல்லியனுப்பினார். பதினைந்து வருஷம் நான் வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளி. நல்ல மனுஷன். "தனியா இருந்து கஷ்டப்படாண்டாம். ரெண்டு மெசினையும் நானே எடுத்துக்கிடுதேன். அதே நாற்காலி, அதே வேலை. தை பொறக்கவும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க." அவ்வளவுதான் விஷயம். சரி என்று சொன்னால் சென்டர் போய்விடும்; ஆனால் யாரிடமும் ஆர்டர் பேச வேண்டியதில்லை. யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. சரி என்று சொல்லத்தான் இருந்தேன். தலையாட்டுவது எனக்குப் பழகின வேலைதானே.

மார்கழி பிறந்த அன்றைக்கோ மறுநாளோ, பருப்புக் கடை அண்ணாச்சி நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். மதினிதான் கதவைத் திறந்தார். அண்ணாச்சி கையில் மஞ்சள் பை, பைக்குள் காலண்டர். நான் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வருவதற்குள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டத் தொடங்கியிருந்தார். முகம் வேர்த்திருந்தது.

"வாங்க அண்ணாச்சி. தண்ணி குடிக்கீகளா?"

"தண்ணி கெடக்கட்டும். தாயி, நீ எனக்கு உள்ளதைச் சொல்லு. மாசியில என்ன நடக்கப்போவுது?"

"எங்க அண்ணாச்சி?"

"எங்கனன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஊருக்கா, ஒலகத்துக்கா? மாசி பதினொண்ணுல மகனுக்குக் கடை தொறக்கேன். பந்தக்கால் வரைக்கும் சொல்லியாச்சு. சரி, நாள் எப்படின்னு புரட்டிப் பாத்தா, கன்னி ராசி, சோர்வு. மறுநா பாத்தேன், அசதி. அதுக்கு மறுநா, தடை. அதுக்கு மறுநா, மறுபடியும் சோர்வு. மாசம் முச்சூடும் அதேதான்."

அவர் தாளைப் பிடித்துக்கொண்டு படித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, எனக்குத்தான் நேரம் சரியில்லன்னு வீட்டுக்காரிக்குப் பாத்தேன். மேஷம். அலைச்சல், சோர்வு, மறதி, சோர்வு. மகனுக்குப் பாத்தேன். சிம்மம். ஓய்வு, ஓய்வு, அசதி, ஓய்வு. ஏன் தாயி, கடை தொறக்கதுக்கு முந்தியே அவனுக்கு என்ன ஓய்வு? பன்னெண்டு ராசிக்கும் ஒரே அடியாச் சோர்வுன்னா நாடு தாங்குமா? மாசியில நெலநடுக்கம் கிலநடுக்கம் வருதா? நேத்துலேருந்து வீட்டுல ஒருத்தரும் சரியாச் சாப்பிடல."

மதினி அந்தக் காலண்டரை வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதலில் ஆச்சரியம் இருந்தது, அப்புறம் வேறு ஏதோ இருந்தது.

"நீங்கதானே மதினி பிழை பாத்தீக?" என்றேன் நான், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"பாத்தேன். எழுத்துப் பிழை ஒண்ணுமில்ல. சோர்வுல ர் போட்டிருக்கு, வு போட்டிருக்கு. நான் அதைத்தானே பாக்க முடியும்?"

"சோசியருக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்காரு," என்றார் அண்ணாச்சி. "கடை தொறப்பை ஒத்திப்போடச் சொல்லிட்டேன். பந்தக்காரன் அட்வான்ஸைத் தர மாட்டேன்னுட்டான். அது போட்டும். எனக்கு என்னன்னு தெரிஞ்சாப் போதும்."

அந்த நேரத்தில் நான் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அச்சகத்தில் மாறிவிட்டது, கம்ப்யூட்டர் பழுது. அட்டையே கதவில் தொங்குகிறது. ஆனால் அந்தப் பெரிய மனுஷன் வேர்த்துப்போய் மகன் கடையைத் தள்ளிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய வீட்டில் நேற்றிலிருந்து ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. என் வீட்டிலும் அப்படித்தான். யாருக்கு வந்தது யாருக்குப் போயிருக்கிறது என்று நினைத்தபோது வாய் தானாகத் திறந்தது.

"அது உங்க பலன் இல்ல அண்ணாச்சி. என் பலன்."

"என்னது?"

"மாசி நோட்டு வரல. நானாப் போட்டேன். நல்லதும் கெட்டதும் கலந்துதான் போட்டேன்னு நெனச்சேன். கை அதையே போட்டிருக்கு. எனக்கு அப்ப... எனக்கு இப்பவும் அப்படித்தான் இருக்கு. எந்திரிக்க முடியல. மெசினு ரிப்பேருன்னு போட்டிருக்கேன். மெசினு நல்லாத்தான் இருக்கு."

இவ்வளவு நீளமாக நான் வெளியாள் ஒருவரிடம் அதற்கு முன் பேசியதில்லை. அண்ணாச்சி என்னையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப எனக்குச் சோர்வு இல்லையா?"

"இல்ல அண்ணாச்சி."

"நெலநடுக்கம்?"

"அதெல்லாம் இல்ல."

"கடை தொறக்கலாமா?"

"தாராளமா."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அட பாவி மகளே," என்றார். பிறகு சிரித்தார். சிரிப்பு நின்றதும் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்துவிட்டு, அப்போதுதான் காதில் விழுந்ததுபோல, "அப்ப ஒனக்குத்தானா இம்புட்டுச் சோர்வும்? ஒரு மாசத்துக்கா?" என்றார்.

"ஒரு மாசமா? ஆடியிலேருந்து அண்ணாச்சி," என்றார் மதினி. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மதினி அழுது நான் பார்த்ததில்லை. அதனால் அதை வேர்வை என்றே வைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி வியாபாரி. வருத்தப்பட வேண்டிய அளவு வருத்தப்பட்டுவிட்டு வேலைக்கு வந்தார். காலண்டர் எல்லாம் கோர்த்துக் கட்டியாகிவிட்டது, நடுவில் தாள் மாற்ற முடியாது. அதனால் சோசியரிடம் மாசிப் பலனை வாங்கி, ஒரே தாளில் திருத்தமாக அடித்துத் தர வேண்டும். காலண்டர் வாங்கினவர்கள் தையில் வந்து அந்தத் தாளை வாங்கிக்கொள்ளட்டும்.

"திருத்தம் வாங்க வாரவன் ரெண்டு கிலோ உளுந்து வாங்காமப் போவானா? நீ ஒண்ணும் விசனப்படாத. ஞாயித்துக்கெழமைக்குள்ள அடிச்சுக் குடுத்துரு."

என் தலை ஆடத் தொடங்கியது. ஆடப்போவது எனக்கே தெரிந்தது. மதினியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியாது அண்ணாச்சி," என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது. அந்தச் சொல் என் குரலில் எப்படி இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

"ஞாயித்துக்கெழம முடியாதா?"

"இந்த மாசமே முடியாது. டாக்டர்கிட்டப் போகணும். பொங்கல் கழிச்சுத் தாரேன்."

"சரி," என்றார் அண்ணாச்சி. பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "பொங்கல் கழிச்சே குடு."

அவ்வளவுதான். ஐந்து வருஷமாக எந்தச் சொல்லைச் சொன்னால் கடை இடிந்து விழும் என்று நினைத்தேனோ, அந்தச் சொல்லுக்கு ஓர் ஆள் "சரி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் தெரு திரும்பியதும் மதினி என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஸ்பிரிங்கு அந்துபோச்சு போல," என்றார்.

பீரோவிலிருந்து சீட்டை எடுத்தேன். அடுத்து டாக்டர் வருகிற நாளில் என் வீட்டுக்காரர் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு என்னுடன் பஸ் ஏறினார். விருதுநகரில் அந்த டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் பத்துப் பேர் இருந்தார்கள். அங்கே ஒரு வேடிக்கை. ஒருவரும் தனக்காக வந்தவர் இல்லை. ஒரு அம்மா தன் தங்கைக்குத் துணையாக வந்ததாகச் சொன்னார். தங்கையோ, அக்காவுக்குத் துணையாக வந்ததாகச் சொன்னார். ஒரு வேட்டிக்காரர் இந்தக் கட்டடத்தில் பல் டாக்டர் இருக்கிறார் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டாராம். ஆனால் அவர் பெயரைக் கூப்பிட்டதும் விறுவிறு என்று உள்ளே போனார். என்னைக் கேட்டபோது, "இவுகளுக்குத் துணைக்கு வந்தேன்" என்று என் வீட்டுக்காரரைக் காட்டிவிட்டேன். அவர் ஒரு நோயாளியைப் போல முகத்தை வைத்துக்கொண்டார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் எனக்காக அவர் செய்த காரியங்களில் அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

டாக்டர் நிதானமாகப் பேசினார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"ஆடியிலேருந்து."

"அதுக்கு முன்னாடி நல்லா இருந்தீங்களா?"

"அதுக்கு முன்னாடி நேரம் இல்ல டாக்டர்."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு, "இது என்ன மாசம், என்ன வருஷம், சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

"டிசம்பர். ரெண்டாயிரத்து எட்டு."

டாக்டரின் பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அப்போது நடந்துகொண்டிருந்தது இரண்டாயிரத்து ஏழு.

என் வீட்டுக்காரர் முன்னால் குனிந்தார். "டாக்டர், அது சீக்கு இல்ல. நாங்க சிவகாசி. இவ காலண்டர் வேலை பாக்கா."

டாக்டர் சிரித்துவிட்டார். எழுதியதில் எதையோ அடித்தார். "சீக்கு இல்லேன்னு முழுசாவும் சொல்ல முடியாது," என்றார். "ஒரு வருஷத்தைத் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கீங்க. கொஞ்சம் கொஞ்சமா இங்க வரணும்." இதற்கு மனச்சோர்வு என்று பெயர், நிறையப் பேருக்கு வருகிறது, மாத்திரை இருக்கிறது, மாத்திரை வேலை செய்ய மூன்று வாரம் ஆகும், வாரா வாரம் வந்து பேச வேண்டும், வேலையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். எனக்கு மனதில் நின்றது முதல் சொல்தான். சோர்வு. நான் ஆயிரக்கணக்கான தடவை அடித்த சொல். அதற்கு மாத்திரை இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

மாத்திரை முதல் வாரம் நாக்கை வறட்டியது. இரண்டாம் வாரம் தூக்கம் வந்தது. அப்படி ஒரு தூக்கம். மகள் பள்ளிவிட்டு வந்து எழுப்பி டீ போட்டுத் தருவாள், சர்க்கரை எப்போதும் கூடுதலாக இருக்கும். மூன்றாம் வாரம் ஒருநாள் தெருவில் தேங்காய் பன் விற்கிறவர் குரல் கேட்டது. அவர் தினமும் போகிறவர்தான். அன்றுதான் எனக்குக் கேட்டது. கூப்பிட்டு வாங்கினேன். முழுதாகக் குணமாகவில்லை. அதற்கு ஒன்றரை வருஷம் ஆனது, நடுவில் இரண்டு தடவை வழுக்கவும் செய்தது. ஆனால் பொங்கலுக்கு வாசலில் நானே கோலம் போட்டேன். கோணலாக இருந்தது என்று மதினி சொன்னார்.

பொங்கல் கழிந்ததும் சோசியரின் மாசி நோட்டு வந்தது. கண் நன்றாகத் தெரிகிறது என்பதைக் காட்டுவதற்காகவோ என்னவோ, பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருந்தார். வீட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு ராசியாகப் படித்தேன். நல்லதும் கெட்டதும் சரியாகக் கலந்திருந்தது. லாபம், செலவு, பாராட்டு, பயம், களிப்பு. கலப்பது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாசி பதினொன்றுக்கு வந்தேன். கடை திறக்கிற நாள். கன்னி ராசிக்கு நேரே சோசியர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: சோர்வு.

மதினி எட்டிப் பார்த்துவிட்டு, "மாத்திப் போட்டுரு. லாபம்னு போடு. ஒருத்தருக்கும் தெரியாது," என்றார். இந்தத் தடவை நானாக எதையும் போடுவதில்லை என்று இருந்தேன். போனை எடுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். நானாக ஒருவருக்குப் போன் செய்தது ஆறு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, சோசியரே எழுதியிருக்காரு. பதினொண்ணாந்தேதி ஒங்களுக்குச் சோர்வுன்னு."

அந்தப் பக்கம் மூட்டை இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மறுநா என்ன போட்டிருக்கு?"

"நன்மை."

"அதுக்கு மறுநா?"

"செலவு."

"கடை தொறந்தா செலவு இருக்கத்தானே செய்யும். சோர்வு ஒரு நாத்தானே?"

"ஒரு நாத்தான் அண்ணாச்சி."

"ஒரு நாளுன்னா தாங்கிக்கிடலாம் தாயி. நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிடுதேன். அப்படியே அடி."

அப்படியே அடித்தேன். சென்டரைத் திறந்து, தூசி தட்டி, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். மதினி பிழை பார்த்தார். இந்தத் தடவை எழுத்தைப் பார்த்த பிறகு அர்த்தத்தையும் பார்த்தார். கதவிலிருந்த அட்டையை எடுக்கலாமா என்று கேட்டார். பொறுங்கள் என்றேன். பழைய முதலாளிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலமே அவருடைய அச்சகத்துக்குப் போனேன். என் பழைய நாற்காலியில் வேறு யாரும் உட்காரவில்லை, துடைத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் மனம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் என்னைச் சாய்த்தது வேலை இல்லை. வருகிற வேலைக்கெல்லாம் ஆடிய தலைதான். அந்தத் தலையை இங்கே கொண்டுவந்தாலும் அது ஆடத்தான் போகிறது. முதலாளி என்று ஒருவர் இருந்தால் இன்னும் கூடுதலாகவே ஆடும்.

"வா தாயி, மெசின எப்ப அனுப்புத?" என்றார் முதலாளி.

"அனுப்பல மொதலாளி. நானே வச்சுக்கிடுதேன். நாலு பேரு வேலை மட்டும் பாக்கப்போறேன். மத்தத முடியாதுன்னு சொல்லிருவேன்."

"நீ சொல்லுவியா?"

"சொல்லிப் பாத்தேன். வருது."

"டாக்டர்கிட்டப் போறியாமே. வைத்தியம் நடக்கா?"

"நடக்கு மொதலாளி."

"அப்பச் சரி," என்றார். "அந்த மிச்ச நாலு பேரையும் இங்கிட்டு அனுப்பி விடு." பிறகு டீ சொன்னார். எனக்குச் சாயங்காலம் டீ குடித்தால் தூக்கம் வராது. வேண்டாம் என்றேன். ஒருவருக்கே ஒரே நாளில் இரண்டு தடவை மறுத்தாயிற்று.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அட்டையைக் கழற்றிவிட்டுச் சென்டரைத் திறந்தோம். கரண்ட் இல்லை. பதினொன்றரைக்கு வந்தது. ஒரு காதுகுத்துப் பத்திரிகை அடித்தோம்.